நையாண்டிக் கலைஞர்களும் தொலைக்காட்சியின் முதல் தொகுப்பாளர்களும்: கொடைக்கானல் நினைவுக் கூட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன கூட்டம்?

மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மூஞ்சிக்கல் பக்கம் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடுகிறோம். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவிகள் எனப் பலரும் வருகிறார்கள். ஒரு மாலைக்கு ஒரு கலைஞர். மேலே இருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் துணிவு தந்த நையாண்டிக்காரர்களையும், தொலைக்காட்சியில் மனிதர்களை உட்காரவைத்துப் பேசவைத்த முதல் தலைமுறைத் தொகுப்பாளர்களையும் நினைவுகூர்கிறோம். சந்தா இல்லை, உறுப்பினர் படிவம் இல்லை. புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேபோல் இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம்.

சென்னையில் நடக்க வேண்டிய கூட்டம் அல்லவா இது? கொடைக்கானலில் எதற்கு?

தொலைக்காட்சியைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பது எங்கள் எண்ணம். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் தேனியிலும் இருந்தவர்களுக்கு அது பல ஆண்டுகள் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்ட சங்கதியாகவே இருந்தது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, தென்மாவட்டங்களில் வசதி உள்ளவர்கள் உயரமான கம்பத்தில் ஆண்டெனாவைக் கட்டி, தெற்கே திருப்பி வைத்து அதைப் பார்த்தார்கள். கொடைக்கானல் மலைமேல் உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பிறகுதான் தென்தமிழ்நாட்டின் பெரும்பகுதி வீடுகளுக்குள் வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ நுழைந்தது.

தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து சமவெளியை நோக்கி அனுப்பினால் குறுக்கே மறைப்பதற்கு எதுவும் இல்லை. அதே காரணத்தால், மலை மடிப்புக்குள் ஒதுங்கிய ஊர்களுக்குக் கோபுரம் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் படம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. மேல்மலையிலிருந்து வருகிற பெரியவர்களைக் கேளுங்கள், ஆண்டெனாவைத் திருப்பக் கூரைமேல் ஏறிய கதையை ஆளுக்கொன்று சொல்வார்கள். இன்று 100.5-இல் கொடை பண்பலை கேட்பவர்களுக்கும் இந்த உயரத்தின் அருமை தெரியும்.

நகைச்சுவை நடிகர்கள் எல்லோரையும் பற்றிப் பேசுவீர்களா?

இல்லை. சந்திரபாபு, தங்கவேலு, நாகேஷ் ஆகியோர் பெரிய கலைஞர்கள். அவர்களுக்குத் தனி மாலைகள் வேண்டும், அதை நடத்துகிறவர்கள் இருந்தால் முதல் வரிசையில் வந்து உட்காருவோம். இங்கே நாங்கள் எடுத்துக்கொள்வது நையாண்டியை மட்டும். கேலிக்கு ஒரு குறி இருக்க வேண்டும். அந்தக் குறி, கேலி செய்கிறவனைவிட வலியவனாக இருக்க வேண்டும். அந்தக் கேலிக்காகக் கலைஞர் ஏதாவது ஒரு விலை கொடுத்திருக்க வேண்டும்: தடையோ, வழக்கோ, பிழைப்பின் இழப்போ. இந்த அளவுகோல் கொஞ்சம் கடுமையானதுதான். ஆனால் இது இல்லாவிட்டால் கூட்டம் பழைய படக் காட்சிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கலைவதோடு நின்றுவிடும்.

முதல் மாலை ஏன் கலைவாணருக்கு?

வேறு யாருக்குக் கொடுப்பது? நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்து 1957-இல் மறைந்த என்.எஸ். கிருஷ்ணன், தமிழில் சிரிப்பையும் சிந்தனையையும் ஒரே மேடையில் ஏற்றியவர்களின் முன்னோடி. அவரைப் பற்றி ‘சிரிக்கவும் வைத்தார், சிந்திக்கவும் வைத்தார்’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எதைச் சொல்லிச் சிந்திக்க வைத்தார் என்பதை விட்டுவிடுகிறோம். அதனால் நாங்கள் ‘கிந்தனார்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் எல்லோருக்கும் தெரியும். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பண்ணையாள் ஒருவர் சிதம்பரம் போகத் தவிக்கிறார். கலைவாணர் அந்தக் கதாகாலட்சேப வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். பாகவதர் பாணி, பாட்டு, இடையிடையே உரை, பின்பாட்டு எல்லாம் உண்டு. மாற்றியது ஒன்றைத்தான். அவருடைய கிந்தன் கோயிலுக்குப் போகத் தவிக்கவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போகத் தவிக்கிறான். படிக்க ஆசைப்பட்டதற்காக அடி வாங்குகிறான். ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துக் கல்வி அதிகாரியாக ஊர் திரும்புகிறான். நந்தனாருக்குத் தேவைப்பட்ட அதிசயம் கிந்தனுக்குத் தேவைப்படவில்லை. டிக்கெட் வாங்கினால் எந்தச் சாதிக்காரனையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொள்கிற ரயில் போதுமானதாக இருந்தது.

இதைக் காலட்சேபம் கேட்டுப் பழகிய சபையின் முன்னால், அதே ராகத்தில், அதே கையசைப்போடு செய்து காட்டியதில்தான் துணிச்சல் இருக்கிறது. எதிரில் இருப்பவர்களைத் திட்டவில்லை. அவர்கள் விரும்பிக் கேட்கும் வடிவத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அவர்களைக் கேள்வி கேட்டார். 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் இந்தக் காலட்சேபம் இடம்பெற்றதால் நமக்குக் காட்சியாகவே கிடைத்திருக்கிறது. அந்தப் படத்துக்குக் கதை எழுதியவர் அண்ணா. தியாகராய நகரில் கலைவாணர் சிலையை 1969 ஜனவரியில் திறந்துவைத்தவரும் அண்ணாதான். அடுத்த மாதம் மூன்றாம் தேதி அவரே இல்லை.

லட்சுமிகாந்தன் வழக்கைப் பற்றிப் பேசுவீர்களா?

பேசினோம், சுருக்கமாக. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் 1944-இல் கைதாகி, நடிகர் தியாகராஜ பாகவதரோடு தண்டிக்கப்பட்டு, 1947-இல் விடுதலையானார். அந்த வழக்கைத் துப்பறியும் கதையாக்கி இரவு முழுவதும் பேசலாம், ஆனால் அது எங்கள் வேலை இல்லை. எங்களுக்கு முக்கியம், அவர் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய மனைவியும் நடிகையுமான டி.ஏ. மதுரம் நாடகக் குழுவைக் கலைந்துபோகாமல் காத்ததுதான்.

அப்படியானால் மதுரத்துக்குத் தனி மாலை உண்டா? பெண்கள் யாருமே பட்டியலில் தெரியவில்லையே?

உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவிக்கு நன்றி, அந்த மாலையை அவரே பொறுப்பேற்று நடத்துகிறார். மதுரத்தைக் ‘கலைவாணரின் துணைவி’ என்று சொல்லி நிறுத்துவது பெரிய அநியாயம். கேலியில் எதிராளி சரியாக இல்லாவிட்டால் கேலியே எழாது. அவர்கள் இருவரும் பேசும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். அறிவுரை சொல்லும் ஆண், கேட்டுக்கொள்ளும் பெண் என்ற அமைப்பு அங்கே அடிக்கடி உடைகிறது. மதுரம் மடக்கிக் கேட்கிறார், அவர் தடுமாறுகிறார், அந்தத் தடுமாற்றத்தில்தான் கருத்து வெளிவருகிறது. கணவர் சிறையில், வழக்குச் செலவு தலைக்குமேல், சம்பளத்துக்கு ஒரு குழுவே காத்திருக்கிறது. அந்த நேரத்தில் நாடகத்தை நிறுத்தாமல் நடத்தியவரைத் துணை என்று எப்படிச் சொல்வது?

தொகுப்பாளர்களில் தபஸ்ஸும் இருக்கிறார். அவரைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறோம்.

எம்.ஆர். ராதாவைக் கொண்டாடுவது சரியா? துப்பாக்கிச் சூட்டை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரைச் சுட்டதும், அதற்காகத் தண்டனை பெற்றுச் சிறை சென்றதும் அவர் வாழ்க்கையின் பகுதி. அந்த மாலையில் அதை மறைக்காமல் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு நாளை வைத்து அதற்கு முந்தைய மேடை வாழ்க்கையை அழித்துவிடவும் நாங்கள் தயாராக இல்லை.

திருவாரூர் தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ நாடகம் 1954-இல் படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்தவர்களுக்கே அந்தக் குரல் காதைவிட்டுப் போகாது. மேடையில் அவர் இன்னும் ஒரு படி மேலே போவார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அன்றைய செய்தித்தாளில் வந்ததை அன்றிரவே வசனத்தில் சேர்த்துவிடுவாராம். சபையில் யாராவது கூச்சல் போட்டால் பாத்திரத்திலிருந்து இறங்காமலே அவருக்குப் பதில் சொல்வாராம். அவருடைய நாடகங்கள் திரும்பத் திரும்பத் தடையைச் சந்தித்தன. 1954-இல் சென்னை மாநிலத்தில் வந்த நாடகச் சட்டம் அவரை மனத்தில் வைத்தே கொண்டுவரப்பட்டது என்பது நாடகத் துறையில் இன்றும் நிலவும் பேச்சு. ஒரு நடிகனின் வாயைக் கட்ட ஓர் அரசாங்கம் சட்டப் புத்தகத்தைத் திறந்தது என்று ஊர் நம்புகிறது என்றால், அந்த வாயின் வலிமையை நினைத்துப் பாருங்கள்.

சோ மாலையில் சண்டை வந்ததாகக் கேள்விப்பட்டோம்.

விவாதம் வந்தது. வரட்டும். சோ ராமசாமியின் அரசியலை ஏற்காதவர்கள் எங்களில் பாதிக்கு மேல். அவருடைய நையாண்டியை மறுக்கிறவர்கள் யாரும் இல்லை. 1968-இல் அவர் எழுதி மேடையேற்றிய ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தில், கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிற துக்ளக் நாட்டின் பிரதமராகிறார். மொழிச் சிக்கலைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகிறார். கட்சி மாறி வருகிறவர்கள் எல்லோருக்கும் துணைப் பிரதமர் பதவி தருகிறார். எழுதி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்தத் துணைப் பிரதமர்கள் காட்சியைப் படித்துக் காட்டியபோது, எந்தக் கட்சிக்காரரும் அடுத்த கட்சிக்காரரைப் பார்த்துத்தான் சிரித்தார்.

1970 பொங்கலன்று தொடங்கிய அவருடைய பத்திரிகை, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது அட்டையைக் கறுப்பாக்கி வெளிவந்தது. அவரைப் பிடிக்காதவர்களும் அந்தக் கறுப்பு அட்டைக்காக எழுந்து நின்றுதான் ஆக வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னார். பக்கத்திலிருந்தவர், அதன் பிறகு அவர் யார் பக்கம் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும் என்றார். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

தமிழ்க் கலைஞர்களே இத்தனை பேர் இருக்கும்போது அமெரிக்காக்காரர்கள் எதற்கு?

ஒருவன் கையில் ஒலிவாங்கி, முன்னால் கூட்டம், அன்றைய செய்தி. மேடையில் வேறொன்றும் இல்லை. இன்று நம் ஊர்ப் பிள்ளைகளும் விரும்பிப் பார்க்கும் இந்த வடிவத்துக்கு அரசியல் கூர்மை தந்தவர்களில் முதலாமவர் மார்ட் சால். 1953 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ‘ஹங்ரி ஐ’ என்ற சிறிய கேளிக்கை விடுதியில் மேடையேறினார். அதுவரை அமெரிக்க நகைச்சுவைக்காரர்கள் கோட்டும் டையும் அணிந்து மாமியார் ஜோக்குகளைச் சொல்லிவந்தார்கள். இவர் ஸ்வெட்டரோடு வந்தார், கையில் சுருட்டிய செய்தித்தாள். மறந்துவிடாமல் இருக்கக் குறிப்புகளை அந்தச் செய்தித்தாளில்தான் செருகி வைத்திருந்தார். பிறகு செய்தித்தாளே அவருடைய அடையாளம் ஆகிவிட்டது.

அது செனட்டர் மெக்கார்த்தியைக் கண்டு அமெரிக்காவே அஞ்சிய காலம். கம்யூனிஸ்ட் என்று பட்டம் கட்டினால் வேலை போகும், நண்பர்கள் போவார்கள். சால் ஒரு புதுவகை மெக்கார்த்தி மேலாடையைப் பற்றிச் சொன்னார்: ஐசனோவர் மேலாடையைப் போலவேதான் இருக்கும், வாயை மூடிப் பொத்தான் போட்டுக்கொள்ள மட்டும் கூடுதலாக ஒரு மடிப்பு உண்டு. ஒரே வரியில் ஒரு காலத்தின் அச்சத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன கட்டுரை ஒன்றை நாங்கள் படித்ததில்லை.

1960-இல் கென்னடியின் தேர்தலுக்கு நகைச்சுவை எழுதிக் கொடுத்தார். கென்னடி வென்றதும் கென்னடியைக் கேலி செய்யத் தொடங்கினார். நண்பர்கள் முகம் சுளித்தார்கள். ஆட்சியில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவர்தான் என் குறி என்பது சாலின் நிலை. கென்னடி கொலைக்குப் பிறகு, அதை விசாரித்த வாரன் ஆணையத்தின் அறிக்கையை மேடையில் கொண்டுவந்து வாசித்துக் கேள்வி கேட்டார். வாய்ப்புகள் வற்றின, வருமானம் சரிந்தது. ‘நான் இன்னும் புண்படுத்தாமல் விட்ட கூட்டம் ஏதாவது இருக்கிறதா?’ என்பது அவர் மேடையில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. 2021 அக்டோபரில், 94 வயதில் மறைந்தார். நம் செய்தித்தாள்களில் அந்த மறைவு பெரிதாகப் பேசப்படவில்லை என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

லென்னி புரூஸ் மாலைக்குக் குழந்தைகளை அழைத்து வரலாமா?

வேண்டாம். அந்த ஒரு மாலைக்கு மட்டும் பெரியவர்கள் போதும். புரூஸ் அமெரிக்க மேடை நகைச்சுவைக்காரர். தன் மேடைப் பேச்சுக்காக 1964-இல் நியூயார்க்கில் ஆபாசக் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டார், 1966-இல் இறந்தார், 2003-இல் அந்த மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். இறந்தவருக்கு அந்த மாநிலம் அப்படி மன்னிப்பு வழங்கியது அதுவே முதல்முறை. மற்ற மாலைகளுக்குக் குழந்தைகள் தாராளமாக வரலாம், ‘கிந்தனார்’ மாலையில் அதிகம் சிரித்தவர்கள் அவர்கள்தான்.

நையாண்டிக்காரர்களையும் டாக் ஷோ நடத்தியவர்களையும் ஏன் ஒன்றாகச் சேர்க்கிறீர்கள்?

டிக் கிரிகரியின் கதையைச் சொன்னால் விளங்கும். செயிண்ட் லூயியில் வறுமையில் பிறந்த கறுப்பினக் கலைஞர் அவர். 1961 ஜனவரியில் சிகாகோவின் பிளேபாய் கிளப்பில், தென்மாநில வெள்ளையர்கள் நிறைந்த அவையில், நிறவெறியையே பொருளாக வைத்துப் பேசிப் பெயர் பெற்றார். ‘நாங்கள் கறுப்பர்களைப் பரிமாறுவதில்லை’ என்று உணவகத்தில் சொல்கிறார்கள். ‘பரவாயில்லை, நான் கறுப்பர்களைச் சாப்பிடுவதில்லை, எனக்கு ஒரு முழுக்கோழி கொண்டுவாருங்கள்’ என்கிறார் இவர். நிறவெறி உச்சத்தில் இருந்த அந்த நாளில் இதைச் சொல்லி அதே வெள்ளையர்களைச் சிரிக்கவைப்பது எத்தகைய கலை!

உடனே, தொலைக்காட்சியில் ஜாக் பார் நடத்திய இரவுப் பேச்சு நிகழ்ச்சியிலிருந்து அழைப்பு வந்தது. அன்றைய அமெரிக்காவில் அதைவிடப் பெரிய வாய்ப்பு கிடையாது. கிரிகரி மறுத்துவிட்டார். காரணம், கறுப்பினக் கலைஞர்கள் அந்த நிகழ்ச்சியில் வந்து தங்கள் கலையைக் காட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள். வெள்ளையர்கள் மட்டுமே முடித்த பிறகு தொகுப்பாளரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். பாரே தொலைபேசியில் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். கிரிகரி காரணத்தைச் சொன்னார். வாருங்கள், உட்காருங்கள் என்றார் பார். கிரிகரி போனார், பேசினார், பிறகு அந்த இருக்கையில் உட்கார்ந்து தன் பிள்ளைகளைப் பற்றி, வீட்டைப் பற்றி உரையாடினார். ஒரு கறுப்பினத் தகப்பன் தன் பிள்ளைகளைப் பற்றிச் சாதாரணமாகப் பேசுவதை வெள்ளையர்களின் வீடுகள் கேட்டன.

நையாண்டிக்காரர் உண்மையைச் சொல்கிறவர். தொகுப்பாளர் இருக்கை தருகிறவர். அந்த இருக்கை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதைப் பார்த்தாலே ஒரு நாட்டைப் புரிந்துகொள்ளலாம். நம் ஊரில் திண்ணையில் யார் உட்காரலாம் என்ற கேள்வியோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதல் டாக் ஷோ எது?

இரவு நேரப் பேச்சு நிகழ்ச்சிக்கு நிலையான வடிவம் கொடுத்தவர் ஸ்டீவ் ஆலன். 1954 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவருடைய ‘டுநைட்’ நாடு முழுவதும் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மேசை, விருந்தினர், இசைக்குழு, தொடக்கத்தில் தனிப் பேச்சு, ஒலிவாங்கியோடு தெருவில் இறங்கிப் போகிறவரை நிறுத்திப் பேசுவது என இன்று நாம் காணும் பலவும் அவரிடம் இருந்தன. செய்தித்தாள் ஆசிரியருக்கு வந்த கோபக் கடிதங்களை, எழுதியவரின் அதே ஆத்திரத்தோடு கத்திப் படிப்பார். கடிதத்தில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டார்.

அடுத்து வந்த ஜாக் பார் 1957 முதல் 1962 வரை நடத்தினார். 1960 பிப்ரவரியில், தான் சொன்ன ஒரு கழிப்பறை நகைச்சுவையை நிலையத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிட்டதற்காக, மறுநாள் நிகழ்ச்சியின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து, ‘இடையில் குறுக்கிடப்படுவதற்கு முன் நான் சொல்லிக்கொண்டிருந்தது என்னவென்றால்’ என்று தொடர்ந்தார். ஜானி கார்சன் 1962 முதல் 1992 வரை முப்பது ஆண்டுகள் நடத்தினார். அவரைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் நாங்கள் அதிகம் பேசுவதில்லை.

இந்தியாவில்?

தபஸ்ஸும். குழந்தை நட்சத்திரமாகத் திரையில் நுழைந்த அவர், 1972-இல் தூர்தர்ஷனில் ‘பூல் கிலே ஹைன் குல்ஷன் குல்ஷன்’ நிகழ்ச்சியைத் தொடங்கி 1993 வரை நடத்தினார். திரைக்கலைஞர்களை உட்காரவைத்து, அதட்டாமல், துருவாமல், சிரித்துக்கொண்டே பேசவைத்தார். இந்தியத் தொலைக்காட்சியின் முதல் டாக் ஷோ தொகுப்பாளர் ஒரு பெண் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் காலமானார்.

தமிழில்?

தமிழில் இந்த வடிவம் வெளிநாட்டிலிருந்து இறங்கியது அல்ல. பட்டிமன்றத்திலிருந்து வளர்ந்தது. நடுவர், இரண்டு அணிகள், கைத்தட்டல், இடையில் நடுவரின் குட்டிக்கதை எல்லாம் குன்றக்குடி அடிகளார் காலத்திலேயே மேடையில் இருந்தவை. மலையடிவாரத்திலிருந்து வந்த திண்டுக்கல் லியோனியும், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த சாலமன் பாப்பையாவும் அதைத் தொலைக்காட்சிக்குப் பழக்கினார்கள். சென்னைத் தூர்தர்ஷனின் ‘எதிரொலி’யில் நேயர் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்வார்கள். அந்தக் கடிதத்தில் தன் ஊர்ப் பெயர் வந்துவிடாதா என்று காத்திருந்த வீடுகள் எத்தனையோ. இலங்கை வானொலியிலிருந்து வந்த பி.எச். அப்துல் ஹமீது ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தியபோது, தொகுப்பாளர் தமிழை இவ்வளவு அழகாக உச்சரிக்க முடியுமா என்று வியந்தோம்.

1993-இல் சன் டிவி வந்த பிறகு விசு ‘அரட்டை அரங்கம்’ நடத்தினார். ஊர் ஊராகப் போனார். பிரபலங்களுக்கு இருந்த ஒலிவாங்கி பஸ் ஏறி வந்த மாணவனுக்கும், கூலி வேலை செய்யும் பெண்ணுக்கும் கிடைத்தது. அவர் அதட்டுவார், அறிவுரை சொல்வார், கண்கலங்குவார். சிலருக்கு அந்த மிகையுணர்ச்சி பிடிக்காது. எங்களுக்கு அந்த ஒலிவாங்கி போன இடங்கள்தான் முக்கியம். 2020 மார்ச் 22 அன்று, ஊரே வீட்டுக்குள் அடைந்திருந்த நாளில், அவர் மறைந்தார். முறையாக அஞ்சலி செலுத்தக்கூட யாராலும் போக முடியவில்லை. அவருடைய மாலைக்கு இந்த மாடியே கொள்ளாது என்று நினைக்கிறோம்.

எனக்கு இந்தி தெரியாது. ஜஸ்பால் பட்டி மாலை புரியுமா?

புரியும். 1989-இல் தூர்தர்ஷனில் பத்தே பகுதிகள் வந்த பட்டியின் நையாண்டித் தொடர் ‘ஃப்ளாப் ஷோ’வை அந்நாளில் இந்தி தெரியாமலே பார்த்துச் சிரித்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பூம்பாறையிலிருந்து வருகிற ஒரு பாட்டி, அரசு ஊழியர்கள் பொய்யான மருத்துவ ரசீதுகளைச் சேர்க்கும் பகுதியைப் பற்றிச் சொன்னார். அவருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, ஆனால் அந்தக் காகிதங்களை அடுக்கும் கைகளைப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது என்றார். கான்ட்ராக்டர், ஆய்வு மாணவரை வேலைக்காரனாக்கும் பேராசிரியர் என்று நாடு முழுவதும் எல்லோருக்கும் தெரிந்த முகங்கள் பட்டியின் குறிகள். ஒவ்வொரு பகுதியும் கேலிப் பாட்டோடு முடியும். அரசுத் தொலைக்காட்சியிலேயே அரசு அலுவலகத்தைக் கேலி செய்த மனிதர். 2012 அக்டோபர் 25 அன்று, மின்வெட்டைப் பற்றித் தான் எடுத்த படத்தின் விளம்பரப் பயணத்தில், சாலை விபத்தில் இறந்தார்.

விவேக்கைச் சேர்ப்பீர்களா? அவருக்காக மரம் நடலாமா?

சேர்ப்போம். சின்னக் கலைவாணர் என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. லாரியில் எலுமிச்சம்பழம் கட்டுவதைக் கேள்வி கேட்ட அந்தக் காட்சி ‘கிந்தனா’ரின் வழியில் வந்ததுதான். 2021 ஏப்ரல் 17-இல் அவர் மறைந்த பிறகு ஊரெங்கும் மரக்கன்று நட்டார்கள். இங்கே மட்டும் ஒரு வேண்டுகோள். பழனி மலையில் கிடைத்த கன்றைக் கிடைத்த இடத்தில் நடாதீர்கள். வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் புல்வெளியை விழுங்கியது போதும். சோலை மரக்கன்றுகளை, சோலை இருந்த இடத்தில், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு நடுங்கள். புல்வெளியைப் புல்வெளியாகவே விடுங்கள்.

பழைய நிகழ்ச்சிகளின் பதிவுகள் கிடைக்காதா?

பெரும்பாலும் கிடைக்காது. அந்நாளில் வீடியோ நாடா விலை உயர்ந்தது. ஒருமுறை ஒளிபரப்பானதை அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்ததைப் பதிவார்கள். ஜாக் பாரின் நிகழ்ச்சிகளும் கார்சனின் முதல் பத்தாண்டு நிகழ்ச்சிகளும் பெருமளவு அப்படித்தான் போயின. பிரிட்டனில் நகைச்சுவைக் கலைஞர்கள் பீட்டர் குக்கும் டட்லி மூரும் தங்கள் நிகழ்ச்சி நாடாக்களைத் தாங்களே பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டும் பி.பி.சி. அழித்துவிட்டது. எனவே பார்த்தவர்களின் நினைவும், வீட்டில் யாரோ பதிந்து வைத்த கேசட்டும்தான் மிச்சம். நாங்கள் கூடுவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

எங்கள் வீட்டில் பழைய வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. போட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து அவசரப்பட்டுப் போடாதீர்கள். இந்த மலையில் ஈரப்பதம் அதிகம், தோல் செருப்பே ஒரு மழைக்காலத்தில் பூத்துவிடும். முதலில் கேசட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கண்ணாடிச் சாளரம் வழியாக நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். கறுப்பாக, சீராக, பளபளப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பொடியோ சிலந்தி நூல் போன்ற இழையோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை வி.சி.ஆரில் போட்டால் நாடாவும் கெடும், கருவியின் தலைப்பகுதியும் கெடும், பிறகு போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றும். வெயிலில் காயவைக்காதீர்கள், முடி உலர்த்தும் கருவியைக் காட்டாதீர்கள். தனியாக ஒரு பையில் போட்டு எங்களிடம் கொடுங்கள், சமவெளியில் முறையாகச் சுத்தம் செய்கிறவர்களிடம் அனுப்புகிறோம்.

நன்றாக உள்ள கேசட்டுகளை நூல் அடுக்குவதுபோல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, மூடிய பெட்டியில் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், அதிலுள்ள காந்தம் பதிவை அழிக்கும். கேசட்டின் விளிம்பில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் தாழை உடைத்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் பதிய முடியாது. மேலட்டையில் யாருடைய கையெழுத்தில் என்ன எழுதியிருந்தாலும் கிழிக்காதீர்கள். கல்யாண கேசட்டின் கடைசியில் மிச்ச நாடாவில் யாரோ பதிந்த தூர்தர்ஷன் நிகழ்ச்சி இருக்கக்கூடும்.

நான் பேச விரும்புகிறேன். விதிமுறை உண்டா?

உண்டு. ‘மாபெரும் கலைஞர்’, ‘ஈடு இணையற்றவர்’ என்ற அடைமொழிகள் வேண்டாம். ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சொன்னார், யாரைச் சொன்னார், யார் சிரித்தார்கள், யாருக்குக் கோபம் வந்தது, பிறகு என்ன ஆனது என்று சொல்லுங்கள். நடித்துக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. பூமாலை, பொன்னாடை கிடையாது. நீங்கள் எங்கே, யாரோடு அதைப் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

மேல்மலையிலிருந்து வருகிறோம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா?

முடியும். பஸ் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் முடிக்கிறோம். மழைக்காலத்தில் பனிமூட்டம் சீக்கிரம் இறங்கினால் பாதியிலேயே கிளம்பலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்து யார்?

டேவிட் ஃபிராஸ்ட். 1962-இல் பி.பி.சி.யில் அவர் தொகுத்த வாராந்தர நையாண்டி நிகழ்ச்சி பிரிட்டிஷ் அமைச்சர்களைப் பெயர் சொல்லிக் கேலி செய்தது. அடுத்தது தேர்தல் ஆண்டு என்ற காரணத்தைச் சொல்லி 1963 முடிவிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். கேலி செய்தவர் பின்னாளில் 1977-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் நிக்சனை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். நையாண்டிக்காரரும் தொகுப்பாளரும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதால் இரண்டு மாலைகள் தேவைப்படலாம். அதற்குள் நன்றாக ஓடுகிற வி.சி.ஆர். ஒன்று கிடைத்தால் பெரிய உதவி. வீட்டில் சும்மா கிடந்தால் துடைக்காமல், திறக்காமல், இருக்கிறபடியே கொண்டுவாருங்கள். ரிமோட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.